பெங்களூர்க் கால்பந்தும் நம் பேட்டைக் கழகங்களும்

ஒரு நகரத்தின் வரலாற்றைக் கோட்டையிலும் அரண்மனையிலும் கோவிலிலும் தேடுவது வழக்கம். அவ்விடங்களில் வரலாறு உண்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும், பகலெல்லாம் உழைத்த மக்கள் மாலை நேரத்தை எங்கே, எவ்வாறு கழித்தனர் என்பதும் வரலாற்றின் பகுதியே. பிழைப்பை நாடிப் பெங்களூர் வந்த தமிழ்க் குடும்பங்கள் இவ்வூரில் காலூன்றியதும் பஜனை மடம் அமைத்தன, பள்ளி வைத்தன, நாடக சபை கண்டன, சங்கம் நிறுவின. இவற்றோடு, பேட்டைக்கு ஒன்றாகக் கால்பந்துக் கழகங்களையும் வளர்த்தன. மடத்துக்குக் கல்வெட்டு உண்டு. பள்ளிக்குப் பதிவேடு உண்டு. சங்கத்துக்கு ஆண்டு மலர் உண்டு. பந்தாட்டக் கழகத்துக்கோ பெரும்பாலும் முதியவர்களின் நினைவு ஒன்றே சாசனம். அந்த நினைவு அழியுமுன் அதனை ஏட்டில் ஏற்ற வேண்டும் என்னும் எண்ணமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

நாம் இங்கே பேசப் புகுவது, செய்தித்தாள்களில் நாள்தோறும் இடம்பெறும் பெரிய கழகங்களைப் பற்றியதன்று. 2013-இல் தோன்றி, தன் முதற் பருவத்திலேயே ஐ-லீக் பட்டத்தை வென்று, 2018-19-இல் இந்தியன் சூப்பர் லீகிலும் வாகை சூடிய பெங்களூரு எஃப்.சி.யின் பெருமையை நாடே அறியும். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, நாட்டளவிலான லீக் என்ற ஒன்று இல்லாத காலத்திலும், அது தோன்றிய பின் அதன் வாயிலுக்கு வெளியிலும் நின்று ஆடிய சிறு கழகங்களே நம் பொருள்.

தண்டில் பிறந்த ஆட்டம்

ஆங்கிலேயர் 1809-இல் பெங்களூரில் படைமுகாம் அமைத்தனர். தண்டு என்று நாம் வழங்கும் கண்டோன்மெண்ட் அதுவே. சிப்பாய்களும், அவர்களுக்குச் சரக்கு தருவோரும், கட்டட வேலைக்காரரும், சமையற்காரரும், வண்டிக்காரருமாகத் தமிழ் மக்கள் அப்படையைப் பின்தொடர்ந்து வந்தனர். 1864-இல் ஜோலார்ப்பேட்டையிலிருந்து தண்டு ரயிலடிவரை இருப்புப் பாதை திறக்கப்பட்டதும், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வருவோரின் பயணம் எளிதாயிற்று. அல்சூர், சிவாஜி நகர், மர்ஃபி டவுன், ஆஸ்டின் டவுன், கௌதம்புரம் ஆகிய பேட்டைகளில் தமிழ் ஒலி நிலைபெற்ற வரலாறு இதுதான். 1947-இல் தண்டுப் பகுதி மைசூர் அரசிடம் திரும்ப ஒப்படைக்கப்படும்வரை அது ஆங்கிலேயரின் நேரடி நிர்வாகத்திலேயே இருந்தது.

வெள்ளைப் பட்டாளத்தார் தங்கள் பொழுதுபோக்குக்காகக் கால்பந்து ஆடினர். வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்த சிறுவர் வீடு திரும்பியதும், கந்தலைச் சுருட்டிப் பந்தாக்கிச் சந்துகளில் உதைத்தனர். கிரிக்கெட்டுக்கு மட்டையும் உறையும் வேண்டும். டென்னிசுக்கு வலையும் தளமும் வேண்டும். கால்பந்துக்கோ ஒரு பந்தும் திறந்த வெளியும் போதும். காலில் பூட்ஸ் இல்லாமை ஒரு குறையாகவே கருதப்படவில்லை. ஏழை மக்களின் ஆட்டமாக இது வேரூன்றியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பெங்களூரில் மட்டுமன்று, தண்டு அமைந்த ஊர்களிலெல்லாம் இதே கதைதான். 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஆகிய இரு ஒலிம்பிக்குகளில் இந்தியாவுக்கு ஆடிப் பெரும்புகழ் பெற்ற துளசிதாஸ் பலராம், செகந்திராபாத் தண்டை அடுத்து வாழ்ந்த ஓர் ஏழைத் தமிழ்க் குடும்பத்தின் பிள்ளை என்பதை நம் இளைஞர்கள் அறிந்திருப்பது நலம்.

பம்பாயில் பறந்த பெங்களூர்க் கொடி

அந்நாளில் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பை நாட்டின் தலைசிறந்த பந்தயங்களுள் ஒன்று. 1891-இல் தொடங்கிய அப்பந்தயத்தில் ஆண்டுதோறும் ஆங்கிலேயப் பட்டாளக் கோஷ்டிகளே வெற்றி பெற்று வந்தன. 1937-இல் அவ்வழக்கம் முறிந்தது. முறித்தது கல்கத்தாவுமன்று, பம்பாயுமன்று. நம் பெங்களூர் முஸ்லிம்ஸ் கழகம். கல்கத்தா லீகில் தொடர்ந்து பட்டம் வென்று கொண்டிருந்த முகம்மதன் ஸ்போர்ட்டிங் கோஷ்டியை இறுதிப் பந்தயத்தில் வீழ்த்தி, அக்கோப்பையை வென்ற முதல் இந்தியக் கழகம் என்ற சிறப்பை அது அடைந்தது. 1938-இல் மீண்டும் வென்றது. 1948-இல் மூன்றாம் முறையும் வென்றது.

சிறு ஊர்க் கழகம் ஒன்று பெரு நகரங்களின் கழகங்களை வென்ற அந்நிகழ்ச்சி, தண்டுப் பேட்டைகளின் இளைஞர்களுக்கு ஊட்டிய துணிவு சிறிதன்று. 1938-இல் பெங்களூரிலேயே ஸ்டாஃபர்டு கோப்பைப் பந்தயம் தொடங்கியது. வெளியூர்க் கோஷ்டிகள் இங்கே வந்து ஆடின. மாநிலங்களுக்கிடையிலான சந்தோஷ் கோப்பையை 1946-47-இலும், 1952-53-இலும், பின்னர் 1967-68, 1968-69 ஆகிய இரு ஆண்டுகளில் தொடர்ந்தும் மைசூர் வென்றது. இந்நான்கு வெற்றிகளுக்கும் ஆட்டக்காரரை ஈன்று கொடுத்த தாய்வீடு பெங்களூரின் கழகங்களே.

வெறுங்காலோடு லண்டனுக்கு

1948-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள். லண்டனை அடுத்த இல்ஃபோர்டு மைதானம். சுதந்திர இந்தியா தன் முதல் ஒலிம்பிக் கால்பந்துப் பந்தயத்தில் பிரான்சை எதிர்த்து நின்றது. நம் வீரர்களில் பெரும்பாலோர் பூட்ஸ் அணியாமல் ஆடியதைக் கண்டு அந்நாட்டார் வியந்தனர். பிரான்ஸ் முதலில் ஒரு கோல் போட்டது. இரண்டாம் பாதியில் அதனை ஈடு செய்தவர் சாரங்கபாணி ராமன். விடுதலைக்குப் பின் சர்வதேசப் பந்தயத்தில் இந்தியா போட்ட முதல் கோல் மைசூருக்கு ஆடி வந்த இவரது காலிலிருந்து பிறந்ததே. இரண்டு பெனால்டி வாய்ப்புகளை இந்தியா நழுவவிட்டது. ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்ஸ் இன்னொரு கோல் போட்டு 2-1 என்று வென்றது. தோல்விதான், ஆனால் தலைகுனிய வேண்டிய தோல்வியன்று.

அக்கோஷ்டியில் கோல் காத்தவர் வரதராஜ். முன்வரிசையில் பந்தைக் கயிறு கட்டி இழுப்பதுபோல் ஆட்டியவர் அகமது கான். பஷீரும் உடனிருந்தார். இவர்கள் அனைவரும் பெங்களூர் மண்ணில் பயின்றவர்களே. ராமனும் வரதராஜும் அகமது கானும் பஷீரும் ஒரே மைதானத்தில் உருவானவர்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தண்டில் தமிழர், முஸ்லிம்கள், ஆங்கிலோ-இந்தியர், தெலுங்கர், கன்னடியர் எல்லோரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்தனர். பந்தைக் ‘கொடு’ என்று கூவினால் அது தமிழா, கன்னடமா என்று யாரும் கேட்பதில்லை. அச்சொல் இரு மொழிக்கும் பொது. மொழியின் பெயரால் இந்நகரில் மனக்கசப்பு எழுந்த நாட்களும் உண்டு. ஆனால் ஒரே கோஷ்டியில் பனியன் அணிந்தவர்களிடையே அந்தப் பிரிவு நெடுநாள் நிலைப்பதில்லை என்பதே பந்தாட்டம் நமக்குச் சொல்லும் செய்தி.

கல்கத்தா சென்ற பிள்ளைகள்

பெங்களூரில் முளைத்த பயிர் கல்கத்தாவில் விளைந்தது எனலாம். 1949 முதல் சில ஆண்டுகள் ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் முன்வரிசையில் ஆடிய வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய ஐவரைப் ‘பஞ்ச பாண்டவர்’ என்றே வங்காளிகள் கொண்டாடினர். ஐவரும் தென்னாட்டினர். அகமது கான் 1951-இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் தங்கப் பதக்கம் வென்ற அணியிலும் இருந்தார், 2017-இல் மறைந்தார்.

அவர்கள் வகுத்த பாதையில் பின்னர் நம் தமிழ்ப் பிள்ளைகள் சென்றனர். பெங்களூரிலிருந்து மோகன் பகானுக்குச் சென்ற அருமைநாயகம், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் இடம்பெற்றார். வந்தவாசியில் பிறந்து, பெங்களூரில் ஆடிப் பழகிக் கல்கத்தா சென்ற கண்ணனின் ஆட்டத்தைக் கண்டவர்கள் அவரை ‘ஆசியாவின் பெலே’ என்று அழைத்தனர். அவர் தம்மைப் புகழ்ந்த அந்நகரிலேயே 2019-இல் காலமானார். உலகநாதனும் பாபு மணியும் அவ்வழியே சென்று பெயர் பெற்றனர். பாபு மணி, இந்தியா முதன்முறையாகத் தகுதிச் சுற்றில் வென்று ஆசியக் கோப்பைக்குச் சென்ற 1984-ஆம் ஆண்டின் அணியில் ஆடியவர்.

இவர்கள் ஒவ்வொருவரையும் கல்கத்தா கண்டெடுத்தபோது, அவர்கள் ஏற்கெனவே நன்கு ஆடத் தெரிந்தவர்கள். அப்படி ஆடக் கற்பித்தது யார்? பேட்டைக் கழகமே. பெரிய கழகங்களின் வரலாற்றில் இப்பெயர்கள் பொன்னெழுத்தில் உள்ளன. முதன்முதலில் பனியன் கொடுத்து, பஸ் சத்தம் கொடுத்து, ஆட்டம் முடிந்ததும் ஒரு கோப்பைத் தேநீரும் பன்னும் வாங்கிக் கொடுத்த தெருக் கழகத்தின் காரியதரிசியை எந்த நூல் குறித்து வைத்திருக்கிறது?

தொழிற்சாலையும் பந்தும்

பெங்களூரின் கால்பந்து தழைத்ததற்கு இன்னொரு பெருங்காரணம் அரசாங்கத் தொழிற்சாலைகள். 1940-இல் விமானத் தொழிற்சாலை தோன்றியது. 1948-இல் தொலைபேசித் தொழிற்சாலை. 1953-இல் இயந்திரக் கருவித் தொழிற்சாலை. 1954-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ். நன்கு பந்தாடும் இளைஞனுக்குத் தொழிற்சாலையில் நிரந்தர வேலை கிடைத்தது. காலையில் பட்டறை, மாலையில் பயிற்சி. மாதம் தவறாமல் சம்பளம், குடியிருப்பு, மருத்துவ வசதி, முதுமையில் பிராவிடண்ட் பண்டு. தெருக் கழகத்தில் நன்றாக ஆடிய ஒருவனால் ஒரு குடும்பமே ஓலைக் குடிசையிலிருந்து ஓட்டு வீட்டுக்கு மாறிய கதைகள் நம் பேட்டைகளில் பல உண்டு. புகைவண்டித் துறையிலும் இவ்வழி இருந்தது. 1961-62, 1964-65, 1966-67 ஆகிய ஆண்டுகளில் சந்தோஷ் கோப்பையை ரயில்வே கோஷ்டி வென்றதை ரயில்வேக் குடும்பத்தார் மறந்திருக்க மாட்டார்கள்.

தொழிலாளரின் கோஷ்டி பெரும் கழகங்களுக்கு இளைத்ததன்று என்பதற்கு 1977-ஆம் ஆண்டே சான்று. நாட்டின் சிறந்த கழகங்களுக்காக ஃபெடரேஷன் கோப்பை என்னும் பந்தயம் அவ்வாண்டு முதன்முதலாகக் கொச்சியில் நடந்தது. இறுதிப் பந்தயத்தில் மோகன் பகானை 1-0 என்று வென்று கோப்பையைத் தூக்கியது எது தெரியுமா? பெங்களூர்த் தொலைபேசித் தொழிற்சாலையின் ஐ.டி.ஐ. கோஷ்டி! பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் கோஷ்டியை அதே ஆண்டில் கல்கத்தாவில் எதிர்த்து 2-2 என்று சமன் செய்த மோகன் பகான்தான் அது. பகலில் தொலைபேசி செய்தவர்கள் மாலையில் பழகிப் பெற்ற வெற்றி இது.

உலகின் வேறு நாடுகளிலும் உழைப்பாளர் கூட்டமே கால்பந்தை வளர்த்தது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட், 1878-இல் நியூட்டன் ஹீத் என்னுமிடத்தில் ரயில் பெட்டிப் பட்டறைத் தொழிலாளர் தொடங்கிய கழகமே. பிரேசிலில் ரியோ நகரை அடுத்த பாங்கு என்னும் இடத்து நெசவாலையில் 1904-இல் ஒரு கழகம் எழுந்தது. ஆலைத் தொழிலாளர் அதில் ஆடினர். அந்நாடுகளில் அத்தகைய கழகங்கள் தங்கள் முதல் ஆட்டத்தின் நாளையும், முதல் கோஷ்டியின் பெயர்ப் பட்டியலையும் போற்றிக் காக்கின்றன. இங்கிலாந்தில், பெரிய லீகுக்கு வெளியே ஆடும் சிற்றூர்க் கழகங்களுக்குக் கூட வரலாறு எழுதுவோர் உண்டு. ஆட்ட நாளில் விற்ற அச்சிட்ட தாளைப் பத்திரப்படுத்துவோர் உண்டு. நம்மிடம் அவ்வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை.

தொழிற்சாலைக் கோஷ்டிகளின் நிலை இன்று முன்போல் இல்லை. ஆட்களைச் சேர்ப்பது குறைந்ததும், விளையாட்டுக்கென வேலை தருவதும் குறைந்தது. 1996-இல் தேசிய லீக் தோன்றி, கழகங்கள் ஆட்டக்காரருக்குப் பெருந்தொகை தரும் காலம் வந்தது. விமானத் தொழிற்சாலையின் எச்.ஏ.எல். கோஷ்டி 2010-11, 2011-12 ஆகிய இரு பருவங்கள் ஐ-லீகில் ஆடி, 2012-இல் கீழிறங்கியது. அம்முதல் தேசிய லீகை ஜே.சி.டி. கோஷ்டியோடு வென்றவர்களுள் ஒருவர் நம் ஆஸ்டின் டவுனில் வளர்ந்த கார்ல்டன் சாப்மன். இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய அவர் 2020-இல் 49-ஆம் வயதிலேயே மறைந்தது பேட்டைக்கே துயரமாயிற்று. பெங்களூரில் பிறந்த சண்முகம் வெங்கடேஷ் இந்தியாவுக்கு ஆடிப் பின் தேசிய அணியின் துணைப் பயிற்சியாளராகவும் பணியாற்றினார். வழி குறுகிற்றே தவிர, மூடிவிடவில்லை.

பேட்டைக் கழகம் நடக்கும் விதம்

மாநிலக் கால்பந்துச் சங்கம் நடத்தும் பெங்களூர் லீகில் சூப்பர் டிவிஷன், ஏ, பி, சி என்று படிகள் உள்ளன. மேற்படியில் சாப்பர்ஸ் பட்டாளத்தின் எம்.இ.ஜி., எலகங்காவின் ரயில் சக்கரத் தொழிற்சாலை ஆகிய நிறுவனக் கோஷ்டிகளோடு, ஸ்டூடண்ட்ஸ் யூனியன், ஜவாகர் யூனியன், பெங்களூர் இண்டிபெண்டன்ட்ஸ் முதலிய பழம்பெயர்களும் ஆடி வந்துள்ளன. கீழ்ப்படிகளில் நிற்பவை நம் தெருக் கழகங்கள். அவற்றுக்குச் சொந்த மைதானம் இல்லை, கட்டடம் இல்லை, ஒருவர் வீட்டுத் திண்ணையோ, தேநீர்க் கடையின் பின்கட்டோ அலுவலகம். லீகுக்குப் பெயர் பதிவு செய்யக் கட்டணம் வேண்டும், பனியன் வேண்டும், பந்து வேண்டும். தோல் பந்துக்குள் ரப்பர் பிளாடரைத் திணித்து, ஊதி, வார் கட்டிய காலத்தில் பந்தைக் காப்பதே ஒருவருக்குத் தனி வேலையாக இருந்தது. மழையில் நனைந்தால் அது கல்லாய்க் கனக்கும். கடைக்காரர் ஒருவர், ஒப்பந்தக்காரர் ஒருவர், ஓய்வு பெற்ற ஆட்டக்காரர் ஒருவர் என்று சிலர் கைப்பொருள் போட்டு நடத்துவதே வழக்கம். அவர் ஓய்ந்தால் கழகமும் ஓயும். பெட்டியில் வைத்த கோப்பையும் படமும் எங்கே போயின என்பது பின்னர் ஒருவருக்கும் தெரியாது.

எனினும் பந்தின் மீதுள்ள பற்று ஓயவில்லை. அல்சூரை அடுத்த கௌதம்புரத்துக்குச் சென்றால், புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா ஆகியோரின் சிலைகளோடு பெலேயின் சிலையும் நிற்கக் காணலாம். உலகக் கோப்பை நடக்கும் மாதத்தில் அத்தெருக்களில் பிரேசிலின் கொடி பறக்கும். எங்கோ பிறந்த ஒரு கறுப்பின ஏழைச் சிறுவன் தன் காலின் திறத்தால் உலகை வென்றான் என்பதைத் தம் கதையாகவே அம்மக்கள் கொண்டனர். அச்சிலை வெறும் விளையாட்டு ஆர்வத்தின் சின்னமன்று. ஒடுக்கப்பட்ட மக்களின் தன்மானச் சின்னமும் ஆகும்.

மைதானம் உள்ளவரை

கழகம் மறைந்தாலும் மீண்டும் தொடங்கலாம். மைதானம் மறைந்தால் திரும்பாது. ஆஸ்டின் டவுனின் நந்தன் மைதானம் எத்தனையோ தலைமுறைகளைப் பயிற்றுவித்த களம். 1873-இல் பள்ளி நிறுவிய தமிழ் வள்ளல் ராய்பகதூர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியாரின் பெயர் தாங்கிய ஆர்.பி.ஏ.என்.எம்.எஸ். மைதானமும் அத்தகையதே. தம் செல்வத்தைக் கல்விக்கு அளித்த அப்பெரியாரின் அறம், படிக்கும் பிள்ளைக்கு மட்டுமன்றிப் பந்தாடும் பிள்ளைக்கும் நிழல் தருகிறது. காலி மனைகளெல்லாம் அடுக்கு மாடிகளாகிவிட்ட இந்நகரில் இத்தகைய திறந்த வெளிகளைக் காப்பது பேட்டைவாசிகளின் கடமை. செயற்கைப் புல் விரித்தால் அழகுதான். ஆனால் அதன் பிறகு மணிக்கு இவ்வளவு என்று வாடகை கேட்டால் ஏழைப் பிள்ளை எங்கே போவான் என்பதையும் கேட்க வேண்டியவர்கள் நாமே.

நம்பிக்கை தரும் செய்திகளும் இல்லாமலில்லை. 2023 மார்ச்சில் ரியாத் நகரில் நடந்த இறுதிப் பந்தயத்தில் மேகாலயாவை 3-2 என்று வென்று, 54 ஆண்டுகளுக்குப் பின் கர்நாடகம் சந்தோஷ் கோப்பையைக் கைப்பற்றியது. அதே ஆண்டில் ஸ்டாஃபர்டு கோப்பைப் பந்தயமும் நெடுநாள் உறக்கத்திலிருந்து எழுந்தது. பெங்களூரின் கிக்ஸ்டார்ட் கழகப் பெண்கள் இந்திய மகளிர் லீகின் இறுதிப் பந்தயம்வரை சென்றதும் 2023-இல்தான். நம் பெண் மக்களும் மைதானத்தில் இறங்கலாம் என்பதற்கு இனி வேறு சான்று வேண்டுவதில்லை.

நாம் செய்யக் கூடியது

1968-இல் இருபது வயதில் ஆடியவர் இன்று எண்பதை நெருங்குகிறார். அவரிடம் கேட்டறிய வேண்டியதை இன்றே கேட்டறிய வேண்டும். நாளைக்கு என்று தள்ளுவதற்கு இடமில்லை. இதற்குப் பெரும் புலமை தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு மாலைப் பொழுதும் போதும். கழகத்துக்கு அப்பெயரை வைத்தவர் யார், எந்த ஆண்டு, எந்த மைதானத்தில் ஆடினர், யார் பணம் கொடுத்தார், எந்தத் தொழிற்சாலை யாரை எடுத்துக் கொண்டது, யார் வேலை கிடைக்காமல் வீடு திரும்பினார் என்னும் ஆறு கேள்விகளுக்கு விடை எழுதினால் ஒரு கழகத்தின் வரலாறு ஆயிற்று. வென்றவர் பெயரை மட்டுமன்றித் தோற்றவர் பெயரையும், பந்து துடைத்தவர் பெயரையும் எழுத வேண்டும். வீட்டுச் சுவரில் மங்கிக் கொண்டிருக்கும் கோஷ்டிப் படத்தை இறக்கி, இடமிருந்து வலமாக நிற்போர் பெயரைப் பின்புறம் பென்சிலால் குறித்து வைக்க வேண்டும். அப்பெயர்களைச் சொல்லத் தெரிந்த கடைசி மனிதர் உங்கள் வீட்டுத் தாத்தாவாகவே இருக்கக்கூடும்.

அவ்வாறு எழுதப்படும் குறிப்புகளை இப்பத்திரிகைக்கு அனுப்பினால், மாதம் ஒரு கழகமாக வெளியிடலாம். எழுதத் தெரியாத முதியவர்கள் சொல்ல, பள்ளிப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத ஒரு பயிற்சியும் ஆகும். தாத்தாவை அறிய ஒரு வாய்ப்பும் ஆகும். நம் முன்னோர் இந்நகரில் கல் சுமந்தனர், இரும்படித்தனர், வண்டியோட்டினர் என்று எழுதும் ஏட்டிலே, மாலையில் அவர்கள் வெறுங்காலோடு பந்தும் ஆடினர் என்னும் ஒரு வரியும் இடம்பெறட்டும்.